ஐந்து இழுப்பறை, ஒரு மகோகனி அலமாரி: பழுதுபார்த்த கதை

பழைய மரச்சாமான் எதைப் பார்த்தாலும் என் கை முதலில் இழுப்பறைக்குத்தான் போகும். முழுசாக வெளியே உருவி, கவிழ்த்துப் போட்டு, பக்கவாட்டையும் அடிப்பலகையையும் வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பேன். முகப்பை எத்தனை பேர் வேண்டுமானாலும் துடைத்து, சுரண்டி, மெருகேற்றியிருக்கலாம். இழுப்பறையின் முதுகை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை.

இந்த அலமாரியை ஓர் ஏலத்தில் எடுத்தேன். மேலே இரண்டு சின்ன இழுப்பறை, கீழே மூன்று நீள இழுப்பறை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நடுத்தர வீடுகளின் படுக்கையறையில் துணி வைக்கப் பயன்பட்ட சாதாரண வடிவம். உள்கூடு பைன் மரம், மேலே மகோகனி வெனியர், அதாவது சாதா மரத்தின் மேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு. நான்கு கடைசல் கால்களில் ஒன்று காணோம், அந்த இடத்தில் ஒரு செங்கல் அளவுக் கட்டையை ஆணியடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். மேல்பலகையின் முன்விளிம்பில் வெனியர் ஒரு சாண் நீளத்துக்கு எழும்பி நின்றது. இழுப்பறைகள் சிக்கிச் சிக்கி வந்தன. மேற்பரப்பு அழுக்கேறிக் கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தது. ஏலக் குறிப்பில் 'ஜார்ஜியன், 18-ஆம் நூற்றாண்டு' என்று எழுதியிருந்தார்கள். பார்வைக்கு அப்படித்தான் தெரிந்தது, ஏனென்றால் முகப்பில் இருந்தவை அன்னக் கழுத்து போல வளைந்த பித்தளைக் கைப்பிடிகள். அந்த வடிவம் 18-ஆம் நூற்றாண்டுக்கு உரியதுதான்.

ஆனால் இழுப்பறையின் உள்பக்கம் வேறு கதை சொன்னது. முகப்புப் பலகையின் பின்னால், பித்தளைக் கைப்பிடியின் இரண்டு சின்னத் துளைகளுக்கு நடுவே, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பெரிய துளை இருந்தது. அதை மர ஆப்பு வைத்து அடைத்திருந்தார்கள். சின்ன இழுப்பறைகளில் ஒவ்வொன்று, நீள இழுப்பறைகளில் இரண்டிரண்டு, ஆக எட்டுத் துளை. முகப்பில் சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால், ஒவ்வொரு கைப்பிடிக்கும் பின்னால் வட்டமாக ஒன்று அழுந்தியிருக்கும் தடம் மங்கலாகத் தெரிந்தது. அளந்தேன், 50 மில்லிமீட்டர் விட்டம். அங்கே முதலில் இருந்தவை மரக் குமிழ்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்த மாதிரி அலமாரிக்கு மரக் குமிழ்தான் வழக்கம். பிற்காலத்தில் யாரோ அவற்றைக் கழற்றிவிட்டுப் பித்தளையை மாட்டி, அலமாரிக்கு அரை நூற்றாண்டு வயதைக் கூட்டியிருக்கிறார்கள்.

வயதை இன்னும் கொஞ்சம் நெருங்கிக் கண்டுபிடிக்கப் பூட்டுகள் உதவின. ஐந்து பூட்டிலும் கிரீடமும் அதன் இருபுறம் வி, ஆர் என்ற எழுத்துகளும் பொறித்திருந்தன. விக்டோரியா அரசியின் முத்திரை அது. அவர் அரியணை ஏறியது 1837. பூட்டுகள் அசலானவை என்றால் அலமாரி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அசல்தானா என்று பார்க்க, பூட்டு உட்கார்ந்திருக்கும் பள்ளத்தைக் கவனித்தேன். ஒரே பள்ளம், ஒரே அளவு, வேறு பூட்டு இருந்து மாற்றிய அறிகுறி இல்லை. அப்புறம் ஒரு பூட்டைக் கழற்றித் திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நான்கும் மொட்டை முனை. தலையில் இருக்கும் வெட்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

இந்த மொட்டை முனைதான் எனக்குப் பிடித்த சாட்சி. இன்று நாம் பயன்படுத்தும் கூர்முனைத் திருகாணிக்கு அமெரிக்காவில் தாமஸ் ஸ்லோன் 1846-ல் காப்புரிமை பெற்றார். 1854-ல் அந்த உரிமையை இங்கிலாந்துக்கு வாங்கி, பர்மிங்காம் பக்கத்தில் நெட்டில்ஃபோல்டு, சேம்பர்லின் என்ற தொழிலதிபர்கள் பெரிய அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் முனை மொட்டைதான், தச்சர் முதலில் துளை போட்டுக்கொண்டுதான் திருக வேண்டும். கையிருப்பில் இருந்த பழைய திருகாணியைச் சில வருடம் கழித்தும் யாராவது பயன்படுத்தியிருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் 1837-க்குப் பின், 1850-களின் நடுப்பகுதி வரை என்று ஓர் இருபது வருட எல்லைக்குள் அலமாரி வந்துவிட்டது. இழுப்பறை மூலைகளின் புறாவால் மூட்டுகளும், அதாவது புறாவின் வால் போல விரிந்த பற்களைக் கோத்த இணைப்புகளும், அதோடு ஒத்துப்போயின. ஒன்றுக்கொன்று இடைவெளி சமமில்லை, தச்சர் கோடு கிழித்த தடம் இன்னும் அப்படியே இருக்கிறது, ஓர் இடத்தில் ரம்பம் கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு உள்ளே போயிருக்கிறது. கையால் வெட்டியவை.

ஏலக் குறிப்பு தவறு என்று எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு வேண்டியது 19-ஆம் நூற்றாண்டுச் சாமான்தான். அந்தக் காலத்தின் வீட்டுப் பொருள்களில் கைவேலையும் இயந்திர வேலையும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும், அதற்காகவே சேர்க்கிறேன்.

வேலை தொடங்கும் முன் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பின்பலகையிலும் இரண்டு இழுப்பறைகளிலும் குண்டூசித் தலை அளவுத் துளைகள் இருந்தன. துளை இருப்பதால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. வண்டு வெளியேறிப் போன வாசல் அது. பழைய துளையின் ஓரம் உள்ளுக்குள் கறுத்து மங்கியிருக்கும். புதியது என்றால் உள்ளே புதிதாக வெட்டிய மரத்தின் நிறம் தெரியும், தட்டினால் வெளிறிய மாவு கொட்டும். எல்லாவற்றுக்கும் கீழே கறுப்புக் காகிதம் விரித்து ஆறு வாரம் வைத்தேன். கூட்டின் கீழே ஒன்றும் விழவில்லை. கீழ் இழுப்பறை ஒன்றின் கீழே மட்டும் உப்புச் சிட்டிகை போல மாவு விழுந்திருந்தது. அந்த இழுப்பறையைப் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி, பெரிய குளிர்பதனப் பெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தேன். அருங்காட்சியகங்களில் செய்யும் முறை இது. மருந்து வேண்டாம், மரத்தில் கறை விழாது. வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த மரத்தின் மேல் நீர் வேர்த்துவிடும்.

அதே கீழ் இழுப்பறையின் உள்ளே பச்சைப் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. அழுக்காக இருக்கிறதே என்று கிழித்துப் போடத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் பளிச்சென்ற பச்சை நிறத்துக்குப் பாஷாணம் கலந்த நிறமிகளைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். ஷீலே பச்சை, அதற்குப் பின் 1814-ல் விற்பனைக்கு வந்த மரகதப் பச்சை, இரண்டிலும் ஆர்செனிக் உண்டு. சுவர்க் காகிதம், துணி, செயற்கைப் பூ எல்லாவற்றிலும் அது இருந்தது. காய்ந்த காகிதத்தைச் சுரண்டினால் தூள் மூக்குக்குள் போகும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, காகிதத்தைத் தொடாமல், அதன் மேல் அளவெடுத்து வெட்டிய பாலியெஸ்டர் தாளைப் பரப்பி ஓரங்களில் அழுத்தி வைத்தேன். காகிதமும் அலமாரியின் ஒரு பகுதிதான். அதன் பூ வேலை நன்றாக இருக்கிறது.

சரி, மேற்பரப்புக்கு வருகிறேன். பக்கவாட்டில், கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக் குச்சியை வைத்துப் பார்த்தேன். சில விநாடிகளில் பிசுபிசுத்துப் பழுப்பாக ஒட்டியது. அரக்கு மெருகு என்பது உறுதி. பிரெஞ்சு பாலிஷ் என்று நாம் சொல்லும் இந்த முறை இங்கிலாந்தில் 1820-ஐ ஒட்டித்தான் பரவியது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப் பொதியால் நூற்றுக்கணக்கான முறை தேய்த்து ஏற்றியிருப்பார்கள். அதை முழுசாக நீக்கிவிட்டுப் புதிதாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஒன்றரை நூற்றாண்டு வெளிச்சமும் காற்றும் கைபட்ட தேய்மானமும் சேர்ந்து உண்டான நிறம் அந்த மெருகில்தான் இருக்கிறது. உப்புத்தாளை ஒரு முறை ஓட்டினால் போதும், அது திரும்ப வரவே வராது.

ஆகவே அழுக்கை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு நான் பயன்படுத்தியது எச்சில். கேட்க விசித்திரமாக இருந்தாலும் ஓவியங்களையும் மரச்சாமான்களையும் பராமரிப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் வழி. எச்சிலில் இருக்கும் நொதிகள் அழுக்கை இளக்கும், அரக்கைக் கரைக்காது. பஞ்சுக் குச்சியின் நுனியை நாக்கில் தொட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு மெதுவாக உருட்டி, உடனே காய்ச்சி வடித்த நீர் தொட்ட இன்னொரு குச்சியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய குச்சி நுனியைத் திரும்ப வாயில் வைக்கக் கூடாது. மேல்பலகை மட்டும் பதினொரு நாள் மாலை ஆனது. மூன்றாம் நாள் கறுப்புக்குக் கீழிருந்து மகோகனியின் சுடர் போன்ற வரிகள் தெரிய ஆரம்பித்ததும் வேலையை நிறுத்தவே மனம் வரவில்லை.

அடுத்தது எழும்பிய வெனியர். இங்கேதான் ஒரு தவறு செய்தேன், விளக்கமாகவே எழுதுகிறேன்.

பழைய வெனியரை ஒட்டியிருப்பது வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. இன்றைய வெள்ளைப் பசை காய்ந்துவிட்டால் காய்ந்ததுதான். வஜ்ஜிரம் சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். நூறு வருடம் கழித்து இன்னொருவர் பிரிக்க வேண்டி வந்தாலும் மரத்தைக் காயப்படுத்தாமல் பிரிக்கலாம். அதனால் நானும் வஜ்ஜிரம்தான் பயன்படுத்துகிறேன். குருணையைக் குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடேற்ற வேண்டும். 60 டிகிரி போதும். 70-ஐத் தாண்டினால் பசையின் பலம் குறைந்துகொண்டே போகும்.

எழும்பிய வெனியருக்குக் கீழே மெல்லிய தகட்டை விட்டுத் தூசியைத் தட்டி எடுத்தபோது, அதன் அடிப்பக்கம் கண்ணாடியில் தெரிந்தது. வில் போல வளைந்த கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. வட்ட ரம்பத்தின் பல் பட்ட தடங்கள். மார்க் இசம்பார்ட் பிரூனல் என்ற பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் பாட்டர்சீ பகுதியில் பெரிய வட்ட ரம்பங்கள் வைத்து வெனியர் அறுக்கும் ஆலையை நடத்தினார். அப்படிப்பட்ட ஆலைகள் வந்த பிறகுதான் மகோகனி வெனியர் சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. நீராவியால் ஓடிய ரம்பம் இழுத்த கோடு, பத்து விரல்கடை தள்ளி மூலையில் தச்சர் கையால் வெட்டிய புறாவால் மூட்டு. கொஞ்ச நேரம் பசையைச் சூடேற்ற மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய வஜ்ஜிரமும் உள்ளே இருந்ததால், அதை இளக்கிவிட்டால் புதுப்பசை நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து, ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். வெறும் வெனியர் என்றால் அது சரியான முறை. மேலே அரக்கு மெருகு இருக்கும்போது செய்திருக்கக் கூடாது. துணியை எடுத்தபோது முன்விளிம்பில் ஒரு நாணயம் அளவுக்கு மெருகு பால்போல வெளுத்திருந்தது, நடுவில் துணியின் இழை அச்சாகப் பதிந்திருந்தது. சூட்டில் அரக்கு இளகும், ஈரத்தில் வெளுக்கும் என்று தெரிந்தும் அவசரப்பட்டேன். இரண்டு நாள் அப்படியே காயவிட்டு, ஸ்பிரிட் ஒரு துளி மட்டும் தொட்ட பொதியால் காற்றில் வீசுவது போல மேலே தடவினேன். வெளுப்பு போய்விட்டது. இழையின் அச்சு சாய்வாகப் பார்த்தால் இன்னும் தெரியும். அதைத் தேய்த்து எடுக்கவில்லை.

மிச்ச நீளத்துக்கு முறையை மாற்றினேன். சூடான பசையை ஊசியில்லாத சிரிஞ்சால் உள்ளே செலுத்தி, விரலால் நீவிப் பரப்பி, ஒட்டாத சிலிக்கான் தாளை மேலே வைத்து, வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்த பித்தளைக் கட்டியை அதன் மேல் வைத்துக் கவ்வியால் இறுக்கினேன். சூடு மிதமாக இறங்கியது, ஈரம் மேலே வரவே இல்லை. மறுநாள் கழற்றியபோது நகத்தால் தட்டிப் பார்த்தேன். வெற்று ஓசை இல்லை.

வெனியர் உடைந்து போன மூன்று இடங்களுக்கு ஒட்டுப் போட்டேன். இன்று கடைகளில் கிடைக்கும் வெனியர் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. இந்த அலமாரியில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். உடைந்த பழைய மகோகனிப் பலகைத் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது, அதிலிருந்து நானே அறுத்துக்கொண்டேன். ஒட்டின் வடிவம் சதுரமாக இருக்கக் கூடாது. நார் ஓட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடு விழுந்தால் கண் உடனே அங்கே போய் நிற்கும். படகு வடிவில், இரண்டு முனையும் கூராக வெட்டினால் கோடு நாரோடு சேர்ந்து மறைந்துவிடும்.

பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுகிறது. அதை அடைக்கவில்லை. மரம் நாருக்குக் குறுக்கே சுருங்கி விரியும், நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். பக்கப் பலகைக்கு உள்ளே குறுக்குக் கட்டைகளை அசையாமல் ஒட்டியிருக்கிறார்கள், சுருங்க இடமில்லாமல் பலகை கிழிந்துவிட்டது. காற்றில் ஈரம் கூடும்போது விரிசல் கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது, வறண்டால் திறக்கிறது. திறந்திருக்கும்போது கெட்டியாக எதையாவது அடைத்தால், அடுத்த ஈரக் காலத்தில் பலகை விரிய இடமில்லாமல் வேறு எங்காவது வெடிக்கும்.

காணாமல் போன காலுக்கு மாதிரியாக மற்ற மூன்றையும் கழற்றி அளந்தேன். காலின் தடித்த இடத்தில் விட்டம் ஒரு பக்கம் 92 மில்லிமீட்டர், தொண்ணூறு டிகிரி திருப்பி அளந்தால் 90.5. மூன்றுமே அப்படித்தான். கடைசலில் வட்டமாகக் கடைந்ததுதான். மரம் ஆண்டு வளையத்தின் வழியாக அதிகமாகவும் மையத்தை நோக்கிக் குறைவாகவும் சுருங்குவதால், காலப்போக்கில் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். பழைய வட்ட மேஜைகளையும் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்க்கலாம். கச்சிதமான வட்டமாக இருந்தால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். புதுக்காலை 91-ல் வட்டமாகவே கடைந்தேன். பழசு போலக் காட்ட அதை அடித்து, கீறி, கறையேற்றவில்லை. நிறம் மட்டும் பக்கத்துக் கால்களோடு சேரும்படி மெருகேற்றினேன். அடியில் பென்சிலால் வருடத்தை எழுதியிருக்கிறேன்.

இழுப்பறைகள் சிக்கியதற்குக் காரணம் தேய்மானம். பக்கப் பலகையின் கீழ்விளிம்பு பின்னால் போகப்போக ஆறு மில்லிமீட்டர் வரை கரைந்திருந்தது. அது ஓடும் கட்டையிலும் பள்ளம் விழுந்திருந்தது. விளிம்பை நேராகச் சீவி, புதுச்சட்டம் ஒட்டி, காய்ந்ததும் இழைப்புளியால் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அசல் மரத்திலிருந்து நான் எடுத்தது மொத்தத்தில் இந்தச் சீவல் மட்டும்தான். கூட்டுக்குள் இருந்த பள்ளத்தைக் குச்சி வைத்து நிரப்பினேன். எல்லாவற்றிலும் தேன்மெழுகு தடவியதும் நீள இழுப்பறை ஒற்றை விரலுக்கு நகர்ந்தது.

அப்புறம் கைப்பிடி. இதில்தான் அதிக நாள் யோசித்தேன். முதலில் இருந்தவை மரக் குமிழ்கள், விட்டம்கூடத் தெரியும். எட்டுக் குமிழ் கடைவது ஒரு நாள் வேலை. ஆனால் விட்டம் தெரிந்ததே தவிர, குமிழின் பக்கத் தோற்றம் தெரியாது. உருண்டையா, காளான் போலத் தட்டையா, நடுவில் வளையம் இருந்ததா, எல்லாமே என் கற்பனையாகத்தான் இருக்கும். பித்தளையை எடுத்தால் முகப்பு வெனியரில் பதினாறு துளை வெளியே தெரியும், அவற்றை அடைக்க இன்னும் பதினாறு ஒட்டு. பித்தளைத் தகட்டுக்கு அடியில் மகோகனி அடர் சிவப்பாக இருக்கிறது, சுற்றியுள்ள பகுதி வெளிச்சத்தில் வெளிறியிருக்கிறது. அதைப் பார்த்தால் இந்தக் கைப்பிடிகள் நேற்று வந்தவையும் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன். பித்தளையைப் பளபளவென்று தேய்க்கவும் இல்லை, வறண்ட துணியால் துடைத்ததோடு சரி.

கடைசியாக, தேய்ந்த இடங்களுக்கு மட்டும் புது அரக்கு. 100 மில்லி ஸ்பிரிட்டில் அவல் போன்ற செதில்களாகக் கிடைக்கும் அரக்கு 20 கிராம், ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டினேன். கரைத்து மாதக்கணக்கில் வைத்திருந்த அரக்கைப் பயன்படுத்தாதீர்கள், அது இறுகவே இறுகாது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பொதியை விளிம்புக்கு வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்து, நிறுத்தாமல் மறு விளிம்புக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். நடுவில் ஒரு கணம் நின்றாலும் கீழே இருக்கும் பழைய மெருகை அது கரைத்து இழுத்துவிடும்.

எட்டு மாதமாகிவிட்டது. செய்த வேலை, பயன்படுத்திய பசை, புதுக்கால் எது, ஒட்டுப் போட்ட இடங்கள் எவை, பச்சைக் காகிதத்தைப் பற்றிய எச்சரிக்கை, குமிழ் இருந்த தடத்தின் அளவு, எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதிப் புகைப்படங்களோடு உறையில் போட்டு, மேல் இழுப்பறை ஒன்றின் பின்னால் துணிநாடாவால் கட்டியிருக்கிறேன். அலமாரி இப்போது வெயில் படாத சுவரோரம் நிற்கிறது. ஐந்து பூட்டுகளில் நான்குக்கு ஒரே சாவி பொருந்துகிறது. ஐந்தாவது பூட்டின் உள்ளே வில் உடைந்திருக்கிறது, அதைத் திறந்து பார்ப்பதுதான் அடுத்த வேலை.